மூன்று மாத அட்வான்ஸ்

காஸல், ஜெர்மனி
2 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ப்ரியா எழுதுவது. நான் நலம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனி காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பலாம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். கோபம் வந்தால் பேனாவை மூடிவைத்துவிட முடிகிறது. ஆனால் உங்கள் முதல் கடிதத்தில் பாதி கரண்ட் பில்லைப் பற்றி இருந்தது. புருஷன் எழுதுகிற கடிதமா அது?

வீடு கிடைத்துவிட்டது. ஏப்ரல் கடைசிக்குள் ஆஸ்பத்திரி விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. இது இரண்டு அறை, தனிச் சமையலறை. எனக்கு மட்டும் என்றால் ஒரு அறை போதும். ஆனால் உங்களை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால், இரண்டு பேருக்குப் போதுமான வீடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகத்தான் இதைப் பிடித்தேன். ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

வாடகை அறுநூற்று நாற்பது யூரோ. காலி செய்யும்போது திருப்பித் தருகிற டெபாசிட்டாக மூன்று மாத வாடகை கட்ட வேண்டும். நான் அனுப்பி நீங்கள் சேர்த்து வைத்திருப்பதிலிருந்து அனுப்புங்கள். எனக்குக் கொஞ்சம் பயமும் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் சாலா, படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டினாள். சாவி வாங்கப் போனால் அங்கே வேறொரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கிறது. நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார். என் ஜெர்மனைக் கேட்டுச் சிரிக்காத முதல் மனுஷி.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களா?

உங்கள் ப்ரியா


காரைக்குடி
6 மார்ச் 2025

அன்பு ப்ரியாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். பட்டா நகல் எடுக்க வந்த ஈஸ்வரன், "என்னண்ணே, போனைப் பாத்துச் சிரிக்கீக?" என்றான். வீட்டுக்காரி கடிதம் என்றேன். "நீங்க எப்பண்ணே அங்குட்டுப் போறீக?" என்று அடுத்த கேள்வி. பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டது என்று எழுந்துகொண்டேன்.

ஊரார் பாரத்தையெல்லாம் ஐந்து நிமிடத்தில் நிரப்புகிறவன், சொந்தப் பணத்தை அனுப்ப மூன்று நாள் அலைந்தேன். கட்டணமே இல்லை என்று சொல்கிற இடத்தில் யூரோவின் விலையில் கையை வைக்கிறார்கள். வங்கியில் கேட்டால், நடுவில் இன்னொரு வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளுமாம். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "கடைசியில் அவள் கைக்கு எத்தனை யூரோ வரும்?" அதிகம் சொன்ன இடம் உரிமம் பெற்றதுதானா என்று பார்த்து அங்கே கொடுத்துவிட்டேன். தவணையாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணம், அதனால் மொத்தமாகவே அனுப்பியிருக்கிறேன். உன் கணக்குக்குத்தான் வரும். அங்கிருந்து நீ கட்டு, உள்ளூரில் கட்டணம் இருக்காது.

முதலில் கையெழுத்து, பிறகு பணம். ரொக்கமாகக் கொடுக்காதே. ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை இருந்தாலும் படம் எடுத்து வை. குறிப்பு எழுதுகிற கட்டத்தில் 'அட்வான்ஸ் மூன்று மாதம்' என்று மறக்காமல் ஆங்கிலத்தில் எழுது. நாளைக்கு ஒரு தகராறு என்றால் அதுதான் சாட்சி.

மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. அன்றைக்கு நான் சோறு வைத்தால் இரண்டு பேருக்கான அளவு வந்துவிடுகிறது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகியும் கை பழகவில்லை.

உன் ஸ்ரீதர்


காஸல்
18 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பணம் குறையாமல் வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடியே கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டினேன். குறிப்பிலும் நீங்கள் சொன்னதையே எழுதினேன். அங்கேதான் யானைக்கும் அடி சறுக்கியது.

மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மாள் கூப்பிட்டார். "மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டாயே, டெபாசிட் எங்கே? மூன்று மாதம்தான் இருக்கப் போகிறாயா?" என்று கேட்டார். நம் ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ் என்றால் வேறு என்ன? காலி செய்யும்போது திரும்பி வருகிற பணம். இவர்களுக்கு அது வாடகையில் கழிந்துபோகிற பணம். என் அரைகுறை ஜெர்மனில் அரை மணி நேரம் விளக்கினேன். "முன்னால் கொடுத்தது எப்படித் திரும்பி வரும்?" என்று சிரித்தார். எழுதிக் கொடுத்தேன், டெபாசிட் என்றே மாற்றிக்கொண்டார். காரைக்குடியில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற ஆளின் லட்சணம் இது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல்லே ஓடிக்கொண்டிருந்தது. என்னையும் அப்படித்தான் அனுப்பி வைத்தீர்களா? காலம் முடிந்ததும் முழுதாகத் திரும்பி வந்துவிடும் என்று? நான் அப்படி நினைத்து வரவில்லை. நான் முன்னால் போகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலோடு முப்பதாம் தேதிக்குள் அனுப்புங்கள். ஒரே ஆள் என்றால் மாடியில் ஓர் ஒற்றை அறை இருக்கிறது, அதைத் தருகிறேன், இதை வேறொரு தம்பதிக்கு விட்டுவிடுவேன் என்கிறார் அந்த அம்மாள்.

இந்த முறை கரண்ட் பில்லைப் பற்றி எழுதாதீர்கள் அத்தான். வருவீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ப்ரியா


காரைக்குடி
29 மார்ச் 2025

அன்பு ப்ரியாவுக்கு,

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து நான்கு நாள் மேசையில் வைத்திருந்தேன். பேனா ஓடவில்லை.

என் பாஸ்போர்ட் கார்த்திகை மாதத்திலேயே காலாவதி ஆகிவிட்டது. வாரத்துக்கு ஏழெட்டுப் பேருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போடுகிறேன், எனக்குப் போடவில்லை. மறதி இல்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்: ஆமாம், நீ திரும்பி வருவாய் என்றுதான் இருந்தேன். அன்றைக்குத் தலையாட்டியது, விமானம் ஏறுகிற நேரத்தில் உன்னை அழவிடக் கூடாது என்பதற்காக.

எனக்குப் பயம் ப்ரியா. இங்கே கடையைத் திறந்தால், "ஸ்ரீதரண்ணே, இதைச் செத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று பத்துப் பேர் நிற்கிறார்கள். அங்கே வந்தால் மருந்துக் கடைக்குப் போகக்கூட உன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நீ வேலைக்குப் போனபின் நான் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? நாற்பது வயதில் என்னால் முடியாது.

காரைக்குடியிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. சம்பளம் குறைவுதான், இரண்டு பேருக்குப் போதும். வந்துவிடு. வீடு ஓவென்று இருக்கிறது.

உன் ஸ்ரீதர்


காஸல்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நேற்றுத்தான் குடி வந்தேன், மாடி அறைக்கு. இதற்கு டெபாசிட் குறைவு. மீதியை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் வரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தும் பார்த்தேன். உண்மையை எழுதினீர்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன். ஒன்றரை வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் இன்னும் மதித்திருப்பேன்.

நான் வர மாட்டேன் அத்தான். ஆறு வருஷம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையாக்கும்?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டார்கள். நீங்கள் ஆண்கள் பந்தியில் இருந்தீர்கள், உங்கள் காதில் அது விழுந்ததில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை. என்னைப் பற்றியே யாரும் எதுவும் கேட்பதில்லை, அது வேறு விஷயம். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை ஒரு சொல் பேச ஆள் இல்லை. அழுகை வருகிறது. ஆனாலும் அங்கே வந்து நின்று அழுவதைவிட இது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இனி உங்களை வரச் சொல்லிக் கேட்க மாட்டேன். நீங்களும் என்னைக் கேட்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயரை மட்டும்தான் போடுவார்கள். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது. நான் வேலைக்குப் போயிருந்தபோது வீட்டுக்கார அம்மாளே அச்சடித்து ஒட்டிவிட்டார். வந்து பார்த்தால், என் அறைக் கதவில் ஸ்ரீதர் என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
சண்முகப்ரியா