மோடத்துக்கு ஒயர் இழுத்தவர் திருடர் அல்ல

அனுப்புநர்:
க. திரௌபதி,
கணவர் பெயர் கலியன் (காலஞ்சென்றவர்),
உப்பளத் தொழிலாளி,
மரக்காணம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: உப்பளச் சங்க அலுவலக மோடத்தை இடம் மாற்ற டெலிபோன் ஒயரை நீட்டியபோது மின்சாரம் தாக்கி இறந்த என் கணவர் மீதான திருட்டுப் புகாரை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் எட்டாவது வரை படித்தவள். மனு எழுதித் தருபவரிடம் போனால் என் வயிற்றெரிச்சலை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் எழுதுவார். அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் எங்கள் உப்பளச் சங்கத்தில் காவலாளி. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் போடுவதும் அவர்தான், செயலாளருக்கு டீ வாங்கி வருவதும் அவர்தான். சங்கத்தின் பழைய கட்டடம் ஒழுகுகிறது என்று செயலாளர் திரு. ஜெயசீலன் அவர்கள், பாத்திகளுக்கு அந்தப் பக்கம் கட்டிய ஏ.சி. அறைக்குக் குடிபோனார். கம்ப்யூட்டரும் அவரோடு அங்கே போய்விட்டது. டெலிபோன் லைனும் இன்டர்நெட் மோடமும் பழைய கட்டடத்திலேயே நின்றுவிட்டன. லைனை மாற்றித் தரும்படி டெலிபோன் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தும் ஆள் வரவில்லை.

3. அப்போது செயலாளர் என் கணவரைக் கூப்பிட்டு, "ஏம்பா கலியா, மோட்டாருக்கு ஒயர் இழுக்கிற இல்ல, இதையும் நீயே இழுத்துடு" என்று சொல்லி, புது ஒயர்ச் சுருளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த நானும் முத்தம்மாளும் காதால் கேட்டோம்.

4. கடந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவர் பழைய கட்டடத்திலிருந்து ஒயரை நீட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். மோட்டார்க் கம்பத்தில் அதைக் கட்டும்போது, உப்புக்காற்றில் தோல் உரிந்து கிடந்த கரண்ட் ஒயரில் கை பட்டுவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது உப்புத்தண்ணீரில் குப்புறக் கிடந்தார். கையில் டெலிபோன் ஒயர் இருந்தது.

5. மறுநாள் சங்கத்திலிருந்து போலீசில் கொடுத்த புகாரில், விடுமுறை நாளில் அவர் ஒயர் திருட வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடையாளமாக, செருப்பைக் கரையில் விட்டுவிட்டுச் சத்தம் வராமல் போனார் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐயா, இது அடுக்குமா? எங்கள் உப்பளத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் பாத்தியில் இறங்க மாட்டார்கள். செருப்பு மண் பட்டால் உப்பு அழுக்காகிவிடும். மற்ற நாளைப் போலவே அன்றைக்கும் கழற்றிவிட்டு இறங்கினார். அந்த ரப்பர் செருப்பு காலில் இருந்திருந்தால் ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார். உப்பு கெடக் கூடாது என்று நினைத்தவரைத்தான் திருடன் என்கிறார்கள்.

6. முத்தம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "எனக்கும் வேலை பூடும்டி, உட்டுடு" என்று அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. செயலாளருக்குத் தன் தலைமேல் பழி வந்துவிடும் என்ற பயம். செத்தவன் வந்து பேச மாட்டான் என்ற தைரியமும் இருக்கிறது. குழாயடியில் என்னைப் பார்த்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் மகள் சத்யப்ரியா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கிடக்கிறாள். புருஷன் போன துக்கத்தைக்கூட என்னால் நிம்மதியாக அழுது தீர்க்க முடியவில்லை.

7. எனக்கு வேறு சாட்சி இல்லை. அந்த ஒயர்தான் இருக்கிறது. திருட வந்தவன் ஒயரை வெட்டிச் சுருட்டிக்கொண்டு போவான். பழைய கட்டடத்தில் ஒரு முனையை மாட்டிவிட்டு, கம்பம் கம்பமாகக் கட்டிக்கொண்டு ஏன் போகிறான்? அவர் விட்ட இடத்திலிருந்து மீதியைப் புதுச்சேரியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து இழுத்துக்கொண்டார்கள். அந்த ஒயரில்தான் இன்று ஏ.சி. அறையில் மோடம் ஓடுகிறது. ஜன்னல் வழியே என் கண்ணால் பார்த்தேன்.

8. ஆகவே ஐயா, தாங்கள் ஒரு அதிகாரியை அனுப்பி, பழைய கட்டடத்திலிருந்து புது அறை வரை அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும். உதவித்தொகை கேட்டு நான் இந்த மனுவை எழுதவில்லை. அது திருட்டு ஒயர் என்றால் இன்றைக்கே கழற்றி எடுத்துப் போகச் சொல்லுங்கள். சங்க வேலைக்கு இழுத்த ஒயர் என்றால் என் வீட்டுக்காரர் பெயரிலிருந்து திருடன் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அவரைத் திருடன் என்று சொல்லிக்கொண்டே அவர் இழுத்த ஒயரில் அவர்கள் வேலை பார்க்கக் கூடாது.

இடம்: மரக்காணம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
க. திரௌபதி