சாணை பிடித்த டூல்

இன்று காலை சூளகிரி பஸ்ஸில் பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டேன். ஷிப்ட் முடித்து ஏறிய ஒருவர், "ஆள் வராங்களாங்க?" என்று கேட்டார். வாய்வரை வந்த 'ஆமா'வை விழுங்கிவிட்டுப் பையை எடுத்தேன். அவர் சட்டையெல்லாம் கூலண்ட் வாடை. லேத்தில் இரும்பைச் சீவும்போது சூடு தணிய ஊற்றுவோமே, அதே வாடை. நீ போய் இரண்டு வருஷமாகிறது. கல்லூரி வாசலில் இறங்கும்வரை உன்னோடுதான் வந்தேன், ஏட்டி.

திருநெல்வேலிக்காரி நான் 'ஏட்டி' என்றால் தேன்கனிக்கோட்டைக்காரி உனக்குச் சிரிப்பு அடங்காது. ஒரே டிபார்ட்மென்ட்டில் வாத்தியாரம்மாக்கள், ஒரே மேஜையின் இரண்டு பக்கம். கூலண்ட் பட்டுக் கை அரித்துப் புண்ணாகிப்போன லேத்காரர்களைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதிலா புங்க எண்ணெய் ஊத்தினா என்ன?" என்று ஆரம்பித்தவள் நீதான். சோதித்துப் பார்த்தோம். கூலண்டைவிடப் புங்க எண்ணெயில், இரும்பைச் சீவும் டூல் குறைவாகத் தேய்ந்தது. கட்டுரை எழுதி அனுப்பினோம். மதிப்பாய்வு செய்த மூன்று பேரும் குடைந்து குடைந்து கேள்வி கேட்டு, ஒருவழியாக நல்ல ஆய்விதழ் ஒன்றில் வந்தது. எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டுவதற்கு என் கையில் இருந்த ஒரே சரக்கு அந்தக் கட்டுரைதான்.

அப்போதுதான் ஓசூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்த ஒருவர் உனக்குப் போன் செய்தார். கட்டுரையைப் பார்த்துவிட்டுப் புங்க எண்ணெய் ஊற்றியிருக்கிறார். "ரெண்டு நாள்ல மூணு டூல் போச்சுங்க மேடம். நான் ஏதாச்சும் தப்பா பண்றனா?" என்றார். தன் மேலேயே சந்தேகப்பட்டாரே தவிர, நம் மேல் இல்லை. அது உன்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

மறுநாளே ஆய்வகப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். "மொதல் வாரம் எந்த டூல் போட்ட?" என்று கேட்டாய். முதல் வாரம் சாதாரண கூலண்டுக்குக் கையில் இருந்த பழைய டூல்களைச் சாணை பிடித்துப் போட்டிருந்தேன். இரண்டாம் வாரம் புங்க எண்ணெய்க்குப் புதுப் பெட்டி வந்துவிட்டது, பிரித்துப் போட்டேன். ஜெயித்தது எண்ணெய் இல்லை, புது டூல். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை என்பது சத்தியம்.

"நாமளே எழுதி அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்கிக்கலாம்" என்றாய், டீ குடிக்கப் போகலாமா என்பதுபோல. எனக்கு வந்ததே கோபம்! "கட்டுரைய அலசின மூணு பேரு கண்ணுல படல, உனக்கு மட்டும் என்னட்டி கொள்ளை?" என்று கத்தினேன். நீ குரலை உயர்த்தவே இல்லை.

"அவங்க நம்ம லேத்தையா வந்து பாத்தாங்க? நாம எழுதினத நம்பினாங்க. அவ்ளோதான்."

ஒன்பது நாள் உன்னோடு பேசவில்லை. முதலில் ஏறுபவள் மற்றவளுக்கு இடம் பிடிக்கும் நம் வழக்கப்படி, நீ தினமும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பாய். நான் உன்னைத் தாண்டிப் பின்னால் போய் நிற்பேன். என் கையெழுத்து இல்லாமல் நீ கடிதத்தை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நச்சரிக்கவும் இல்லை. பத்தாம் நாள் கால் வலித்ததோ மனசு வலித்ததோ, வந்து உட்கார்ந்துவிட்டேன். பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாய்.

எதை ஊற்றியபோது எந்த டூல் என்று பச்சையாக எழுதியிருந்தாய். யார் போட்டது என்று மட்டும் எழுதவில்லை. கடைசி வரி இது: "கட்டுரையை அனுப்பியவள் என்ற முறையில், சரிபார்க்காத பொறுப்பு என்னுடையது." ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் தப்பில் என் பெயர் அடிபடவில்லை. உன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் தீரவில்லை. துறைத்தலைவர் கூப்பிட்டு, யார் செய்த தப்பு என்று கேட்டபோதும், "பாக்காம அனுப்பினது நான் சார்" என்றாய். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதற்குக்கூட நீதான் அழுதாய்.

இன்று மெயிலைத் திறந்தால், மதிப்பாய்வுக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது, அதுவும் புங்க எண்ணெய் பற்றித்தான். ஆதாரங்களின் வரிசையில், வாபஸான நம் கட்டுரை! தெரியாமல்தான் சேர்த்திருப்பார்கள். அதை நீக்குங்கள், கூலண்டுக்கும் புங்க எண்ணெய்க்கும் ஒரேமாதிரி டூல் போட்டுச் சோதியுங்கள் என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். மதிப்பாய்வு செய்பவள் பெயர் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

பதிப்பாசிரியர் மட்டும் பார்க்கும் கட்டம் ஒன்று கீழே இருக்குமே, அதில் இப்படி எழுதினேன்: "அந்தப் பழைய கட்டுரையை எழுதிய இருவரில் ஒருத்தி நான். வாபஸ் கடிதத்தில் பொறுப்பேற்றவர் இன்று உயிரோடு இல்லை. பழைய டூலைப் போட்டது அவரல்ல, நான். இதனால் நான் மதிப்பாய்வு செய்யக்கூடாது என்று நினைத்தால் என்னை நீக்கிவிடுங்கள்."

சாணை பிடித்த அந்த டூல்களில் ஒன்று என் பேனா ஸ்டாண்டில்தான் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அனுப்பிட்டேன், ஏட்டி. சொல்ல வேண்டிய நேரத்தில், உன் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லியிருக்கலாம்.