அப்பா பெயரில் ஒரு பங்கு

ஷில்லாங்

அன்பு மகன் ஸ்ரீராம்குமாருக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், விடுதி வார்டன் வேலையும் ஒழுங்காக நடக்கிறது. பேத்தி ரோஷினிக்கு இருமல் நின்றதா?

நம் பட்டாசுக் கடையைக் கம்பெனியாகப் பதிவு செய்யும் ஆடிட்டர் நேற்று போனில் பேசினார். புதுக் கணக்கில் முதல் வரவைப் பெரியவர் பெயரில் எழுதுவது நம் வீட்டு வழக்கம். அதனால்தான் முதல் பங்கை அப்பா பெயரில் எழுதச் சொல்லியிருந்தேன்.

"மூலதனம் எம்புட்டுன்னாலும் எழுதி வச்சுக்கலாம்மா. பங்கு எடுத்தவுக பணம் கட்டினாத்தான் அது செலுத்திய மூலதனம். இல்லாத அய்யா எப்படிம்மா பங்கு எடுப்பாக?" என்றார்.

"அவருக்காக நான் கட்டுகிறேன்" என்றேன்.

"அப்ப அது உங்க பங்கும்மா."

சிரித்துவிட்டேன், நீ கவலைப்படாதே. அவர் இல்லை என்பதை இதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இங்கே குளிர் அதிகம். அப்பாவின் கம்பளிச் சால்வையை அனுப்பிவை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருப்பார்கள். பங்கை என் பெயரிலேயே எழுதச் சொல். கணவர் பெயர் கேட்டால் சங்கரபாண்டியன் என்று பிழையில்லாமல் எழுதட்டும். முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்க வேண்டாம்.

அம்மா