காம்பின் அடியில் வெள்ளை நூல்

மார்ச் 3, செவ்வாய்
எங்கள் தாவரவியல் பூங்காவில், மழைக்காட்டுப் பகுதியின் பெரிய மரத்துக்கு விவரணை எழுதுகிறேன். உயரம் முப்பத்தெட்டு மீட்டர். அடியில் ஆளுயரப் பலகைவேர்கள். இலை — ஒன்றுகூட இல்லை, எல்லாம் உதிர்ந்துவிட்டது.

புது இயக்குநர் புல் ஆராய்ச்சிக்காரர். எதையும் லென்ஸ் வைத்தே பார்ப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. "பட்டுப்போச்சும்மா. வெள்ளிக்கிழமை வெட்டிடலாம்."

"தூங்குது சார். இலை உதிர்க்கிற ஜாதி."

"மழைக்காட்டு மரத்துக்கு என்னம்மா தூக்கம்? எழுத்துல இருக்கா?"

இல்லை. எழுத வேண்டியவளே நான்தான்.

மார்ச் 5
வீட்டில் இவர் சட்டைக்குப் பட்டன் தைக்க வெள்ளை நூலைத் தேடுகிறார். எனக்கெப்படித் தெரியும்?

மார்ச் 6
காலை ஆறு மணி. தோட்டக்காரர் ஏணியைப் பிடிக்க, பக்கத்து மரத்து இலைகள் பதினொன்றைக் கீழ்க்கிளையில் கட்டினேன். "அக்கா, மாட்டினா நான் ஏணியவே பார்த்ததில்ல."

பூதக்கண்ணாடி அண்ணாந்து பார்த்தார். ரம்பக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஏணி கேட்டார். அந்தக் கிளையை வெட்டித் தன் அறைக்கே கொண்டுபோய்விட்டார்.

மார்ச் 9
அவர் எழுதிய விவரணை, படியெடுக்க என் மேசைக்கு வந்தது. "காம்பின் அடியில் முறுக்கிய, வெண்ணிற, மயிரிழை போன்ற உறுப்பு. இதுவரை எங்கும் பதிவாகாதது. புதிய இனமாகலாம்."

கழிவறையில் போய்ச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அடுத்த திங்களன்று ஆய்விதழுக்கு அனுப்புகிறாராம். அச்சாகிவிட்டால் ஆயுசுக்கும் ஊர் சிரிக்கும், பாவம். சொன்னால் என் வேலையும் போகும், மரமும் போகும். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 11
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். "சார், அது எங்க வீட்டுத் தையல் நூல்."

லென்ஸை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். "முடிச்சக்கூட வரைஞ்சு வச்சிருக்கேனேம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. உனக்கும் மரத்துக்கும் திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார்.

மார்ச் 16, திங்கள்
வெறுங்கிளை முழுக்கச் சிவப்புப் பூ. இலை ஒன்றில்லை. பூதக்கண்ணாடி லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வெறுங்கண்ணால் அரைமணி நேரம் பார்த்தார். முடிவு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6
தளிர் விட்டுவிட்டது. என் விவரணை கையெழுத்தாகி வந்தது: "இலையுதிர் மரம். ஆறு வாரம் இலையின்றி நிற்கும். அப்போதே பூக்கும்." கடைசி வரி அவர் சேர்த்தது: "பட்டுப்போனதென்று வெட்டக் கூடாது."

கூடவே ஒரு தாள். அந்தக் கிளையை உலர்த்தி, நூலோடு ஒட்டியிருந்தார். கீழே அவர் கையெழுத்தில், சேகரித்தவர் என்று தன் பெயர். அதற்கடுத்து, கட்டியவர் என்று என் பெயர்.