சீமைப்பலாவுக்கு ஒரு வாளி போதும்

இயாகோபோ,

நம்ம பாப்பாவுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பிட்டேன். தேங்காய்ப்பால் ஊத்தின சேப்பங்கிழங்கு அடுப்பு மேல மூடியிருக்கு.

சீமைப்பலாக் கன்னுக்கு ஒரு வாளி போதும். தண்டு மேல ஊத்தாத, சுத்தி வட்டமா மெதுவா ஊத்து. தண்டை மூடியிருந்த மண்ணை நீயே விலக்கி வச்சிருக்கிறதைக் காலையில பார்த்தேன். ரொம்ப நன்றி. நேத்து "கன்னை மூழ்கடிச்சுக் கொல்றியா"ன்னு நான் கத்தினது தப்புதான்.

ஆனா நீயும் "இது உங்க வீட்டு நிலம், இங்க எனக்கு என்ன இருக்கு"ன்னு கேட்டுட்ட. பாப்பாவோட நஞ்சுக்கொடியை அந்தக் கன்னுக்கு அடியில புதைச்சது யாரு? நஞ்சுக்கொடிக்கும் நிலத்துக்கும் நம்ம பாஷையில ஒரே பேருதானே, ஃபனுவா!

லாங்கி

மறந்துட்டேன்: எங்க அண்ணனோட பன்னி அங்க தோண்ட வந்தா, அவன்கிட்ட கேட்டுட்டு நிக்காத. அடிச்சு விரட்டு. அது உன் ஃபனுவா.