செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்களின் போதகருக்கு

இன்று ஞாயிறு ஆராதனைக்கு நாகர்கோவில் போயிருந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு இளம்பெண் இரண்டாம் பாட்டு முடிவதற்குள் எழுந்து பின்பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவளே என்னிடம் வந்தாள். வயிற்றில் பிள்ளை, ஐந்து மாதம் இருக்கும். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க சேலையில என்னமோ எண்ணெய் மணம். எனக்குக் குமட்டிட்டு வந்துது, அதான்."

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மரோட்டி எண்ணெய். குஷ்டரோகிகளுக்கு ஊசியில் ஏற்றுகிற எண்ணெய். உங்கள் சட்டையிலிருந்து அந்த மணத்தைப் போக்க உவர்மண் போட்டு எத்தனை நாள் அடித்துத் துவைத்திருக்கிறேன்! இப்போது என்மேல் அது வீசுகிறது, எனக்கே தெரியாமல். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும்.

நமக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அது. பெரிய வெள்ளம் வந்து போனதற்கு அடுத்த ஆண்டு. நீங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் போதகர். காலையில் வார்டு வார்டாகப் போய் ஜெபம் பண்ணுவீர்கள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். டவுனில் ஒரு பெரிய சபை உங்களைக் கேட்டிருந்தது. கல் வீடு, முற்றத்திலேயே கிணறு, மகள் வளர்ந்தால் படிக்கப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். மனதுக்குள் நான் அந்த வீட்டில் அடுப்பே மூட்டிவிட்டேன்.

அப்போதுதான் மீன் கொண்டு வருகிற பெண் கூடையை இறக்கிவைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, போதகரு குட்டம் பிடிச்சவங்க இருக்குத எடத்துக்குப் போறாராமே? யாரும் போவாத எடமாக்கும் அது. உள்ளதா?"

நீங்கள் சாப்பிட வந்து கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். கேட்டேன். "ஆமா" என்றீர்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவ. நீ வேண்டாம்னு சொன்னா நான் போவமாட்டேன். அந்தப் பயந்தான்."

அதற்குப் பிறகுதான் ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே வந்து நின்றானாம். அந்த நோய்க்காரர்களை உள்ளே விடுகிற வழக்கம் இல்லை. தனக்காக ஜெபிக்கச் சொன்னான். நீங்கள் படியில் நின்றபடியே, அவனுக்குக் கேட்கட்டும் என்று உரக்க ஜெபித்தீர்கள். ஆமென் சொன்ன பிறகு அவன், "போதகரே, சத்தம் கேட்டுது. முகந்தான் தெரியல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல்ல" என்றீர்கள்.

எனக்கு இரக்கம் வரவில்லை. பயம் வந்தது, கோபம் வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு இராஜாக்கமங்கலத்துக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா சபையில் மூப்பர். கட்டிக்கொடுத்த மகள் கோபித்துக்கொண்டு வந்தால் மறுநாளே வண்டி கட்டித் திருப்பி அனுப்புகிறவர். அந்தத் தடவை அனுப்பவில்லை. "நல்லதாச்சு, இஞ்சயே இரு. அவரு உலகத்துல எங்க வேணும்னாலும் போட்டும். அந்த எடத்துக்கு மட்டும் போவப்பிடாது" என்றார். உங்களை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு இரண்டு தடவை கடிதமும் எழுதினார். என்மேல் உள்ள பாசம் என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோனேன்.

எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். கொழும்புக்குத் தோட்ட வேலைக்குப் போனவன் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனதாகத் தந்தி வந்தது என்று அப்பா சொன்னார். சபையில் அவனுக்காக ஆராதனை நடந்தது. அன்று கழற்றிய வளையலை அம்மை மறுபடி போடவே இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். நடந்தே வந்திருந்தீர்கள், முழங்கால்வரை புழுதி. அம்மை கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மாமி, ஒரு காரியம் சொல்லணும். மாமாவுக்கு அது தெரியும்" என்றீர்கள்.

அப்பா எழுந்துவிட்டார். "மருமகனே, வேண்டாம்." அப்பா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அங்க கடைசிக் குடிசையில ஒரு ஆளு இருக்கான். இந்த நாலு மாசமா ஊரு கேட்டாலும் பேரு கேட்டாலும் சொல்ல மாட்டான். நேத்து காய்ச்சல் கூடிப்போச்சு. அம்மையப் பாக்கணும்னு அழுதான். எந்த ஊருன்னு கேட்டேன். இராஜாக்கமங்கலம்னான். அப்பா பேரையும் சொன்னான்." நீங்கள் செம்பைக் கீழே வைத்தீர்கள். "உங்க மகன் சாவல்ல, மாமி."

நான் மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி உள்ளங்கையில் இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. வெள்ளைக் கிழங்கெல்லாம் சிவப்பாக இருந்ததைப் பார்த்து மகள் கத்திய பிறகுதான் கையைப் பார்த்தேன்.

அம்மை அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "ஒம்பது வருசம் எம்பக்கத்துல இருந்து சோறு தின்னீரே" என்றாள். அவரை அவள் 'நீரு' என்று பேசியது அந்த ஒரு தடவைதான்.

"நான் என்ன செய்ய?" என்றார் அப்பா. "நான்தான் வில்லுவண்டியில கொண்டுபோய் விட்டேன். அவனுக்குக் கீழ ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருந்துதே. விசயம் தெரிஞ்சா யாரு கெட்டுவா?"

அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி நான். என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுப்பதற்காக என் அண்ணனைச் சாகடித்திருந்தார்கள். 

அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "மக்கா, வண்டியக் கெட்டச் சொல்லு."

போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தான். முகம் தடித்து, புருவம் உதிர்ந்து, வேறு யாரோபோல இருந்தான். குரல் மட்டும் மாறவில்லை. "அம்மை, கிட்ட வராதிய" என்றான். அவள் காதில் வாங்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் வாசலில் நின்ற பலாமரத்தைத் தாண்டவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏட்டி, உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்றான். தலையாட்டினேன். நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். அவன் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "போதகரா உனக்க மாப்பிள?" என்று சிரித்தான். உள்ளபடியே சந்தோஷப்பட்டுச் சிரித்தான். அப்போதும் நான் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

அம்மை அங்கேயே இருந்துவிட்டாள். திரும்பும் வழியில் வெட்கம் தாங்காமல் அழுதேன். "நானும் மொத நாளு வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்" என்றீர்கள். "ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாளுதான் உள்ள போனேன். நீ ஒரு நாளுதானே நின்னிருக்க."

ஊரெல்லாம் உங்களைத் தைரியசாலி என்றது. அது அப்படி இல்லை என்பதை என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். அது தெரிந்ததால்தான் என்னால் வர முடிந்தது. எனக்கு மூன்று நாள் போதவில்லை, ஒரு மாதம் ஆனது. பிறகு மகளோடு, அந்தக் குடிசைகளுக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்த ஓட்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். அண்ணன் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தான். கடைசி வருஷம் அவனுக்குக் கஞ்சி கொடுத்தது நான்தான். அவனை அடக்கம் பண்ணின அன்று அப்பா வந்து வேலிக்கு வெளியே நின்றார். நீங்கள் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தீர்கள். அவரை நீங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எனக்கு அதுவும் அதிர்ச்சிதான்.

நீங்கள் எட்டே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு வீட்டை ஒழித்துக்கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒழித்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நான் இருந்துவிட்டேன்.

ஜெபம் பண்ண எனக்கு உங்களைப்போல வராது. அதனால் நீங்கள் செய்துவந்த மற்றொரு வேலையை எடுத்துக்கொண்டேன். பேனா பிடிக்க விரல் இல்லாதவர்களுக்காக அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறேன். பெரும்பாலும் பதில் வராது. போன வாரம் ஒன்று வந்தது. முட்டத்துக்காரர் ஒருவருக்கு, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறார். அவர் எதிரில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். இரண்டே வரி. 'உங்களிடம் இருப்பதாக நீங்கள் எழுதிய ஆள் கடலில் செத்துப் பல வருஷமாச்சு. இனி எழுத வேண்டாம்.'

 வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று தோன்றியது. 'எல்லாரும் சுகம்' என்று சொன்னால் நம்பிவிடுவார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

 "கடல்லயா?" என்றார் அவர். "நல்ல சாவாத்தான் தந்திருக்காவ."

நான் அழுதுவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அவரே கட்டையாகிப்போன கையால் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க, போதகரம்மா. கடல்ல செத்தவன் சொகமா இருக்கான். காலுல புண்ணு ஆறிட்டு வருது. எம்மகளுக்குக் கல்யாணம் ஆச்சான்னு மட்டும் ஒரு வரி போடச் சொல்லுங்க."

அவர் சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். நேற்று அஞ்சலில் சேர்த்தாயிற்று.