சுவர்ப்பக்கம் திரும்பிய பெயர்

அண்ணே,

மஞ்சள் பெயிண்ட் டப்பாவை ஆறு மாதம் கழித்து இன்று திறந்தேன். மூடியை நெம்பியதும் கிளம்பிய வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். உரக்கடை மாடியில் நம் கால்பந்து கிளப் ஆபீஸ் தரையில், பனியனோடு சம்மணம் போட்டு, ஆட்டக்காரர்களின் பெயரைத் தகரத் துண்டுகளில் எழுதிக்கொண்டிருக்கும் மேனேஜராக. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. உங்கள் நாற்காலி மட்டும் மேஜையை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்தது. நான்தான் தள்ளியிருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் போன பதினாறாம் நாள் முதலாளி அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன், பந்துக்குக் காற்றடித்து ஜெர்சி துவைத்துக்கொண்டிருந்தவன். ஃபாரம் நிரப்பத் தெரியுமில்லையா, அது போதும் என்றார். ரைஸ்மில் நடத்துகிற மனிதருக்கு, உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு சம்பளம் கொடுத்து சென்னை லீக்கில் ஓர் அணியை ஆடவிடுகிற பைத்தியம் பிடிக்கலாம் என்றால், எனக்கு மேனேஜர் பைத்தியம் பிடிக்கக் கூடாதா? என் மனைவி ஒரு வாரம் என்னை 'சார்' என்று கூப்பிட்டாள். எட்டாம் நாள் பையைக் கொடுத்து ரேஷன் கடைக்கு அனுப்பினாள்.

சுவரில் முப்பது ஆணி. ஆணிக்கு ஒரு தகரம், தகரத்துக்கு ஒரு பெயர். ஓர் அணி முப்பது பேரைத்தான் பதியலாம் என்பதால் முப்பத்தொன்றாவது ஆணி அடிக்க நீங்கள் விட்டதில்லை. ஒருவனை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தால் அவன் தகரத்தைத் திருப்பி, பெயர் சுவரைப் பார்க்கும்படி மாட்டுவீர்கள். முடிவு எடுத்தாயிற்று, அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். அது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். நேரில் கூப்பிட்டுச் சொல்கிற வரைக்கும் உங்களுக்குச் சோறு இறங்காது. போனில் சொல்லிவிட்டால் என்ன என்று ஒருதரம் கேட்டேன்.

"போன்ல சொன்னா அவன் மூஞ்சி உனக்குத் தெரியாதுய்யா. தெரியலன்னா அடுத்தவனையும் ஈசியா எடுத்துடுவ" என்றீர்கள்.

நாம் கடைசியாகப் பேசியது ஒரு சனிக்கிழமை. மானாம்பதி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி, "உம் பையனப் பத்திக் கொஞ்சம் பேசணும். திங்கக்கெழம உக்காருவோம்" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது உங்களுக்கு நெஞ்சுவலி. திங்கட்கிழமை உட்கார்ந்ததென்னவோ உட்கார்ந்தேன், மானாம்பதியில், உங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலுக்குக் கீழே.

என்ன பேச வந்தீர்கள் என்று தெரியாதவன் மாதிரி இருந்தேன். என் மகன் நல்ல தடுப்பாட்டக்காரன்தான். முழங்கால் பிசகிய பிறகு பந்து போன திசைக்கு அவன் திரும்புவதற்குள் பந்து வேறு ஊருக்குப் போய்விடும். இதைப் பார்க்க மேனேஜர் தேவையில்லை, கோலுக்குப் பின்னால் மேய்ந்த ஆடுகளே பார்த்தன. உங்கள் நாற்காலி எனக்கு வந்த சில நாளில் புள்ளலூரிலிருந்து ஒருவன் கிடைத்தான். காற்று மாதிரி ஓடினான். கோச்சுக்கும் அவன் வேண்டும், முதலாளிக்கும் வேண்டும். வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. முப்பதில் ஒருவர் போயாக வேண்டும்.

நான் குமரேசனைப் பிடித்தேன். இரண்டாவது கோல் கீப்பர். வருஷத்தில் நாலு ஆட்டம் நின்றால் அதிகம், கேள்வி கேட்கத் தெரியாதவன். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அந்த வாரத் திங்கட்கிழமை சாயங்காலம் அவன் தகரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல், அனுப்பவேண்டிய மெசேஜையும் போனில் அடித்து வைத்துக்கொண்டேன்.

ஆபீஸுக்கு ஒரே சாவி. காலையில் என் மகன் வாங்கிப்போய்த் திறந்து, பயிற்சி முடிந்ததும் பந்துகளை வைத்துப் பூட்டிவிட்டு வருவான். மூன்று மணிக்கு நான் திறப்பேன், பொழுதோடு பூட்டிவிடுவேன். செவ்வாய்க்கிழமை திறந்தபோது குமரேசனின் பெயர் நேராக இருந்தது. சுவரைப் பார்த்துத் தொங்கியது என் மகனின் பெயர்.

ஃபேன் காற்று என்று முடிவு செய்தேன். மேலே பார்த்தால் ஃபேன் ரிப்பேருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. சரி, பல்லி. குமரேசனைத் திருப்பினேன், மகனை நேராக்கினேன். புதன்கிழமை போனால் மறுபடி அதே கதை. எந்தப் பல்லிக்கு முப்பதில் என் பிள்ளை பெயரைத் தேடிப் படிக்கத் தெரியும்? அன்றும் குமரேசனைத் திருப்பிவிட்டு, மகனின் தகரத்தை நேராக்கி ஆணியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் நாலு சுற்று சுற்றி, குறடால் முறுக்கிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கே போய்த் திறந்தேன். மகன் பயிற்சியை முடித்துப் பூட்டிவிட்டு வந்து என்னிடம் சாவியைக் கொடுத்திருந்தான். கம்பி சுற்றியது சுற்றியபடி, முறுக்கியது முறுக்கியபடி. பெயர் சுவர்ப்பக்கம். அறையில் வெயில் இருந்தது, கீழே உரமூட்டை இறக்குகிறவர்களின் பேச்சு கேட்டது. இந்த முறை எதையும் தொடாமல் பூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

மகன் எதிரில் உட்கார்ந்திருந்தான். நாளைக்கு லிஸ்ட் போகவேண்டும் இல்லையா என்றான். ஆமாம் என்றேன்.

"கீப்பர் அண்ணன் பேர ஏன் நைனா தெனம் திருப்பி வெச்சிக்கினே கீற?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. திருப்பினால் என்ன அர்த்தம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அணியில் எல்லாருக்கும் தெரியுமாம். காலையில் மாடிக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்களாம். இத்தனை வருஷமாக நம் ரகசியத்தை முப்பது பேர் தினமும் படித்துவிட்டுத்தான் ஓடப் போயிருக்கிறார்கள், அண்ணே.

"அவங்கல்லாம் வர்றதுக்குள்ள அவர் பேர நான்தான் நேரா வெச்சேன். பச்சக் கொழந்தக்காரரு, அவர் இன்னா பண்ணாரு? என்னுத நான் தொடல. அதான் நாயம்னு வுட்டுட்டேன். நேத்து கம்பி வேற சுத்தி வெச்சிருந்த. அவ்ளோ கோவமா எம்மேலன்னு நெனச்சிக்கினேன்."

நான் நேராக வைத்துத்தான் கம்பி சுற்றினேன் என்றேன். மூன்று நாளும் உன் பெயர் நேராக இருக்கும்போதுதான் பூட்டினேன் என்றேன்.

சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரி சொல்லு. மத்தவங்களுக்குப் பழைய மேனேஜர் சொன்னாப்பல என் மூஞ்சியப் பாத்து சொல்லு. நீ சொன்னாதான் போவேன்."

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"தம்பி. இந்த வருசம் உனக்கு எடம் இல்லப்பா. ஆடுனதெல்லாம் நல்லாத்தான் ஆடுன."

பெற்ற நாள் முதல் அவனை 'டேய்' என்பதைத் தவிர வேறெப்படியும் நான் கூப்பிட்டதில்லை. என் குரலும் உங்களுக்குத் தெரியும், கீச்சுக் குரல், போனில் பேசினால் அம்மா என்பார்கள். வந்தது அது இல்லை. மணல் உருள்வது மாதிரியான உங்கள் கரகரப்பு, 'தம்பி' என்றதும் ஒரு மூச்சு விட்டு நிறுத்துகிற அந்த நிறுத்தல். உதடு மட்டும்தான் என்னுடையது.

மகனின் கண் கலங்கியிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையை ஆட்டினான்.

சமையற்கட்டிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "யாரு வந்துகீறாங்க? இன்னொரு தட்டு வெக்கட்டுமா?"

மகன்தான் சொன்னான், "வெய்ம்மா" என்று.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிற்று. புள்ளலூர்க்காரன் உள்ளே வந்தான், குமரேசன் இருக்கிறான். அவனுக்கு அடித்து வைத்த மெசேஜை அழித்துவிட்டேன், கடைசிவரை அவனுக்குத் தெரியாது. மகன் இப்போது ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறான். கோடு ஓரம் நின்று புள்ளலூர்க்காரனுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கிறான். என்னிடம் பழையபடி பேசுகிறான், ஆனால் நான் வாயைத் திறக்குமுன் ஒரு கணம் என் தொண்டையைப் பார்க்கிறான்.

மறுபடி பதிவு நேரம் வந்திருக்கிறது. போன வாரம் ஒருவனிடம் சொன்னேன். அன்றும் நீங்கள்தான் பேசினீர்கள். அவன் அழுதுவிட்டு, போகும்போது கும்பிட்டான், யாரைக் கும்பிட்டான் என்று நான் கேட்கவில்லை. சளி பிடித்தால் மருந்து குடிப்பது நான், மற்ற நேரத்தில் தொண்டையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்று ஐந்து மணிக்கு இன்னொருவனை வரச் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் நிச்சயமானவன். என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

மூஞ்சியை நான் பார்க்கிறேன், அண்ணே. வார்த்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.